பதில்தான் சந்தா

அமெரிக்காவில் 1860களின் பிற்பகுதியில், மேசைமேல் வைத்து இயக்கும் சிறிய அச்சு எந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. சில்லறை வியாபாரிகள் விளம்பரச் சீட்டுகளைத் தாங்களே அடித்துக்கொள்ளட்டும் என்பது தயாரித்தவர்களின் எண்ணம். பதின்வயதுப் பிள்ளைகளும் அவற்றை ஆசையோடு வாங்கினார்கள். நான்கு பக்கம், எட்டுப் பக்கம் என்று சின்னஞ்சிறு பத்திரிகைகளைத் தாங்களே அச்சுக்கோத்து, வேறு ஊர்களில் இதே வேலையில் மூழ்கியிருந்த பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அங்கிருந்து அவர்களுடைய பத்திரிகை வந்து சேர்ந்தது. 1876 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த ஃபிலடெல்ஃபியாவில் கூடி, தேசிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கத்தை அமைத்தார்கள். 1895இல் ஐக்கிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கம் என்ற இன்னொரு அமைப்பும் தோன்றியது.

முகம் பார்த்துப் பழகாதவர்கள் எழுத்தையும் வாசிப்பையும் கேலியையும் பகிர்ந்துகொண்டு ஒரு சமூகமாக வாழும் முறைக்கு இங்கிருந்து அறுபடாத வரலாறு உண்டு. கணினி வலைப்பின்னல் வந்தபோது அதில் முதலில் குடியேறியவர்களில் இந்த மரபின் வாரிசுகளும் இருந்தார்கள். இத்தகைய சமூகத்தைத் தாங்கி நிறுத்தியது எது என்ற கேள்விக்கு அந்த வரலாறு தரும் விடை எளிமையானது: படித்தவர் பதில் எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம். படைப்பின் தரமும் கைக்காசும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன. அந்தக் கட்டாயம் உயிரோடு இருந்தவரை சமூகமும் இருந்தது. அது தளர்ந்த இடங்களில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் மட்டுமே மிஞ்சியது.

அமெச்சூர் சங்கங்கள் ஒரு தனிமனிதரை என்ன செய்ய முடியும் என்பதற்குத் திகில் கதையாசிரியர் எச். பி. லவ்கிராஃப்டின் வாழ்க்கை சான்று. உடல்நலமும் மனநலமும் குலைந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர் அவர். 1913இல் ‘ஆர்கசி’ என்ற ஜனரஞ்சக இதழில் வெளிவந்த ஒருவரின் காதல் கதைகளைத் தாக்கி ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கதாசிரியரின் ரசிகர்கள் பதிலடி கொடுத்தார்கள். வாசகர் கடிதப் பகுதியில் செய்யுளிலேயே சண்டை நடந்தது. இதைக் கவனித்த ஐக்கிய சங்கத்து நிர்வாகி ஒருவர் அழைப்பு விடுக்க, 1914 ஏப்ரலில் லவ்கிராஃப்ட் உறுப்பினரானார். 1915 முதல் 1923 வரை ‘கன்சர்வேட்டிவ்’ என்ற சொந்தப் பத்திரிகையை நடத்தினார். சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். பின்னாளில் அவர் மணந்துகொண்ட சோனியா கிரீனை 1921இல் பாஸ்டனில் சந்தித்ததும் ஓர் அமெச்சூர் மாநாட்டில்தான்.

அவருடைய பத்திரிகையின் முதல் இதழ்களில் இனவெறி வெளிப்படையாக இருந்தது. அதைச் சங்கம் மௌனமாக விழுங்கவில்லை. சார்லஸ் ஐசக்சன், ஜேம்ஸ் மார்ட்டன் ஆகியோர் 1915இலேயே கடுமையான மறுப்பை அச்சில் கொண்டுவந்தார்கள். லவ்கிராஃப்டின் பார்வை அதனால் மாறிவிடவில்லை. ஆனாலும் தன்னை அச்சில் வெளுத்து வாங்கிய மார்ட்டனோடு அவருக்குப் பின்னாளில் ஏற்பட்ட நட்பு அவர் வாழ்க்கையின் நெருக்கமான நட்புகளில் ஒன்றாயிற்று. பதில் என்றால் பாராட்டு என்று மட்டும் பொருள்கொள்ளாத ஒரு பழக்கம் அங்கே இருந்தது.

நால்வர், ஐவர் சேர்ந்து சுற்றுக்கு விடும் கடிதங்களும் இந்தச் சங்கங்களில் வழங்கின. ஒரே உறையில் எல்லாருடைய கடிதமும் இருக்கும். உறை கைக்கு வந்ததும் தன் பழைய கடிதத்தை எடுத்துவிட்டு, மற்றவர்கள் எழுதியதற்கெல்லாம் பதிலாகப் புதிய கடிதத்தை வைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கிளைனர், கோல், மோ, லவ்கிராஃப்ட் ஆகியோர் தங்கள் பெயர்களின் முதல் அசைகளைச் சேர்த்து ‘கிளைகோமோலோ’ என்று தங்கள் சுற்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஒருவர் சோம்பினால் உறை அங்கேயே நின்றுவிடும். எல்லாரும் எழுதினால் மட்டுமே எவருக்கும் படிக்கக் கிடைக்கும்.

இந்த மரபு அறிவியல் புனைகதை வாசகர்களிடம் வந்து சேர்ந்த வழி சுவையானது. ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கினார். அறிவியல் கதைகளுக்கென்றே வந்த முதல் ஆங்கில மாத இதழ் அது. அதன் வாசகர் கடிதப் பகுதியில் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியும் அச்சாயிற்று. இந்தச் சிறிய காரியத்தின் விளைவு பெரிது. தன் ஊரில் தான் ஒருவன்தான் இந்தக் கதைகளைப் படிக்கிறோம் என்று நினைத்திருந்த பையன், இரண்டு தெரு தள்ளி இன்னொருவன் இருப்பதை அச்சில் கண்டான். ஆசிரியருக்கு எழுதிவந்தவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். 1930 மே மாதம், கடித நண்பர்களின் சங்கமொன்று ‘காமெட்’ என்ற இதழைக் கொண்டுவந்தது. ரசிகர்களே ரசிகர்களுக்காக நடத்தும் ‘ஃபேன்சீன்’ வகையின் முதல் இதழாக அது கருதப்படுகிறது. ரே பிராட்பரி எழுத்தாளராகப் பெயர் பெறும் முன் 1939-40இல் ‘ஃப்யூச்சூரியா ஃபேன்டேசியா’ என்ற இதழை நான்கு முறை கொண்டுவந்தார். பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க், 1930களில் பிரிட்டனின் ‘நோவே டெர்ரே’ இதழில் பங்காற்றினார்.

இந்த இதழ்களுக்கு அச்சகம் தேவைப்படவில்லை. தொடக்கத்தில் பலர் பயன்படுத்திய ஹெக்டோகிராஃப் என்பது தட்டில் ஊற்றி உறைய வைத்த ஜெலட்டின்தான். ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் அழுத்தி எடுத்தால் எழுத்து ஜெலட்டினில் இறங்கும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்க வேண்டும். ஐம்பது பிரதிக்குமேல் எழுத்து வெளிறிவிடும். அடுத்து வந்தது அலுவலகங்களில் புழங்கிய சைக்ளோஸ்டைல். தட்டச்சு எந்திரத்தின் ரிப்பனை விலக்கி, மெழுகுத்தாளில் எழுத்துகள் குத்துமாறு ஸ்டென்சில் வெட்டுவார்கள். பிழை நேர்ந்தால் திருத்தும் திரவத்தைத் தடவி, அது உலரும்வரை காத்திருந்து, மேலே மறுபடி அடிக்க வேண்டும். பிறகு ஸ்டென்சிலை மை உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். முந்தைய தாளின் ஈர மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டாதிருக்க இடையில் ஒரு தாளைச் செருகுவோரும் உண்டு. கடைசியில் பக்கம் சேர்ப்பது, பின் அடிப்பது, முகவரி எழுதுவது, தபால்தலை ஒட்டுவது. இத்தனை பாடுபட்டு அடித்த நூறு பிரதியில் ஒன்று தன் வீடு தேடி வந்திருக்கிறது என்று பெற்றவருக்குத் தெரியும். அதே பாட்டை அவரும் பட்டிருப்பார்.

அதனால்தான் சந்தாவுக்கு அங்கே வேறு பொருள் உண்டாயிற்று. பல ரசிகர் இதழ்களில் விலை பெயருக்கு மட்டும்தான் இருந்தது. காசுக்குப் பதிலாக, இதழைப் படித்துவிட்டு விரிவான கடிதம் எழுதலாம். தன் இதழை மாற்றாக அனுப்பலாம். ஒரு கட்டுரையோ படமோ தரலாம். பல ஆசிரியர்கள் காசைவிடக் கடிதத்தையே விரும்புவதாக வெளிப்படையாகச் சொன்னார்கள். முகவரிப் பக்கத்தில் ‘இந்த இதழ் உங்களுக்கு ஏன் வந்தது’ என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கும்: கடிதம் எழுதியதால், உங்கள் பெயர் உள்ளே இருப்பதால், நீங்கள் எழுதுவீர்கள் என்ற நம்பிக்கையால். உரிய இடத்தில் ஒரு குறி போட்டிருக்கும். பதில் வராவிட்டால் இதுவே கடைசிப் பிரதி என்ற எச்சரிக்கையும் அந்தப் பட்டியலில் ஒரு வரி. நம் கல்யாண வீடுகளில் மொய் நோட்டு செய்யும் வேலை இது: வைத்தது மறக்கப்படாது, திரும்ப வைக்கக் கடன்பட்டவர் யார் என்பதும் தெரியும்.

1937இல் டொனால்ட் வோல்ஹைம் இந்தக் கடப்பாட்டை விதியாகவே எழுதினார். லவ்கிராஃப்டோடு கடிதத் தொடர்பில் இருந்தவர் அவர். பழைய அமெச்சூர் சங்கங்களின் அமைப்பை அறிவியல் கதை ரசிகர்களுக்கு ஏற்ப மாற்றி ‘ஃபாப்பா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் இதழைத் தேவையான அளவு பிரதியெடுத்து ஒரு பொறுப்பாளருக்கு அனுப்புவார். அவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் அனுப்புவார். வந்த கட்டைப் படித்து, ஒவ்வொருவர் எழுதியதைப் பற்றியும் அடுத்த இதழில் கருத்துச் சொல்வது வழக்கம். ஆண்டுக்கு எட்டுப் பக்கமாவது எழுதாதவர் நீக்கப்படுவார். உறுப்பினர் எண்ணிக்கைக்கு 65 என்று வரம்பு இருந்தது. 1950களில் இடத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. ஆளைச் சேர்ப்பதைவிட எழுதாதவரை விலக்குவதில் கண்டிப்பாக இருந்ததே இந்தச் சங்கத்தின் ஆயுளுக்குக் காரணம் என்று சொல்லலாம்.

கட்டாயம் இருந்ததால் சண்டையும் இருந்தது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் வாசலில் வோல்ஹைம், ஃப்ரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளூத் உள்ளிட்ட ஆறு பேரை அமைப்பாளர்கள் உள்ளே விடவில்லை. அரசியல் துண்டறிக்கை விநியோகிப்பார்கள் என்ற பயமும், அதற்கு முன்பிருந்த கோஷ்டிப் பகையும் காரணங்கள். அதே குழுவோடு பழகிய ஐசக் அசிமோவ் மட்டும் உள்ளே போய்விட்டார். அந்தக் காலத்துச் சண்டை இதழ்களைப் படித்தால், இருபது வயதை ஒட்டிய பையன்கள் பேரரசுகளை ஆள்வதுபோல் ஒருவரையொருவர் நாடுகடத்திக்கொண்டிருந்தது தெரியும். எழுத்தில் சூடு இருந்தது. சிரிப்பு குறைவாக இருந்தது.

சிரிப்பை நடுவில் கொண்டுவந்து வைத்ததில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வால்ட் வில்லிஸ் அங்கே அரசு ஊழியர். 1947இல் அவருக்கு ஜேம்ஸ் வைட் அறிமுகமானார். இருவரும் ஒரே அமெரிக்க அறிவியல் கதை இதழைத் தேடி அலைந்தவர்கள். 1948இல் இவர்கள் ‘ஸ்லாண்ட்’ என்ற இதழைத் தொடங்கினார்கள். சைக்ளோஸ்டைல் பரவியிருந்த காலத்தில் அவர்கள் கையால் இயக்கும் ஒரு சின்ன அச்சு எந்திரத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். படங்களை லினோலியத் துண்டில் செதுக்கி எடுத்தவர் வைட். ஒரு பக்கத்தை முடிக்கவே எத்தனையோ மாலைப்பொழுதுகள் போகும். அப்படிக் கோக்க வேண்டியிருந்தால் எவரும் தேவையற்ற சொல்லைப் பக்கத்தில் விட மாட்டார்கள். வில்லிஸின் நடையிலிருந்த சிக்கனத்துக்கு இந்த ஈய எழுத்துகளும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். விரைவில் பாப் ஷா சேர்ந்தார். மதத்தின் பெயரால் தெருவுக்குத் தெரு பிளவுண்டிருந்த அந்த நகரத்தில் வில்லிஸ் புராட்டஸ்டன்ட், வைட் கத்தோலிக்கர். வில்லிஸின் வீட்டு மாடி அறையில் அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அங்கே அச்சு வேலைக்கு நடுவில், அட்டைத் துண்டுகளை மட்டையாக வைத்து, விதிகள் யாருக்கும் சரியாகப் புரியாத ஒரு பூப்பந்து விளையாட்டும் நடந்தது. அந்த விளையாட்டு கடல் கடந்த ரசிகர்களுக்கும் பரிச்சயமாயிற்று, ஏனென்றால் ஆட்டத்தைப் பற்றி அவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

1952இல் வில்லிஸ் ‘ஹைஃபன்’ என்ற சைக்ளோஸ்டைல் இதழைத் தொடங்கினார். 1965 வரை அது வந்தது. அறிவியல் கதை இதழ் என்று பெயர் பெற்றிருந்தாலும், பெரும்பாலும் அதில் இருந்தது அந்த மனிதர்களைப் பற்றிய நகைச்சுவைதான். அதன் பின்னட்டையைத்தான் பலரும் முதலில் படித்தார்கள். நண்பர்களின் கடிதங்களிலும் பேச்சிலும் இருந்து சந்தர்ப்பம் நீக்கிப் பிடுங்கப்பட்ட ஒற்றை வரிகள் அங்கே வரிசையாக அச்சாகும். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்ற விளக்கம் இராது. தன் கடிதத்து வரி அங்கே வந்திருப்பதைக் காணும் வாசகருக்கு வேறு பரிசு தேவையில்லை. கடிதம் எழுதும்போதே அந்தப் பின்னட்டையை நினைத்து ஒரு வரியாவது நன்றாக எழுத முயல்வார். பதிலின் தரத்தை உயர்த்த இதைவிடக் கண்ணியமான வழியை வேறெந்த இதழும் கண்டதாகத் தெரியவில்லை.

வில்லிஸை அமெரிக்காவில் பிரபலமாக்கியது ஜார்ஜியா மாநிலத்தின் சவன்னா நகரிலிருந்து வந்த ‘குவாண்ட்ரி’ என்ற இதழ். அவருடைய தொடர் பத்தி அதில் வெளிவந்தது. இதழை நடத்திய லீ ஹாஃப்மன் ஓர் ஆண் என்றே ஏறக்குறைய எல்லாரும் எண்ணியிருந்தார்கள். 1951இல் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டுக்கு வந்து நின்றவர் 19 வயதுப் பெண். அவர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. நல்ல இதழை நடத்துபவர் ஆணாகத்தான் இருப்பார் என்று வாசகர்களே முடிவு கட்டியிருந்தார்கள். ஹாஃப்மன் பின்னாளில் கௌபாய் நாவல்கள் எழுதி அத்துறையின் ஸ்பர் விருதைப் பெற்றார்.

1952இல் சிகாகோவில் நடந்த உலக மாநாட்டுக்கு வில்லிஸை வரவழைக்க அமெரிக்க ரசிகர்கள் காசு திரட்டினார்கள். முகம் பார்த்திராத ஒருவருக்கு, அவர் எழுத்துக்காக மட்டும், கப்பல் செலவைக் கொடுத்தார்கள். ஊர் திரும்பிய வில்லிஸ் நீண்ட பயணக் கட்டுரை எழுதி அந்தக் கடனை அடைத்தார். இந்த அனுபவத்திலிருந்து 1953இல் அட்லாண்டிக் கடந்த ரசிகர் நிதி என்ற ஏற்பாடு பிறந்தது. ரசிகர்கள் நன்கொடை தந்து வாக்களிக்கிறார்கள்; வென்றவர் கடல் கடந்து மாநாட்டுக்குப் போகிறார்; திரும்பியதும் அடுத்த பயணத்துக்கு நிதி திரட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. பயணக் கட்டுரையும் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்ற பழைய விதியின் இன்னொரு வடிவம் அது.

வில்லிஸும் ஷாவும் சேர்ந்து 1954இல் எழுதிய ‘மந்திர டூப்ளிகேட்டர்’ இந்தச் சமூகம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட புராணம். ஜான் பன்யனின் ‘மோட்சப் பிரயாண’த்தின் சாயலில், ஜோஃபன் என்ற இளைஞன் குறைகளற்ற இதழை வெளியிடும் வல்லமையைத் தேடிப் புறப்படுகிறான். அனுபவமின்மையின் காட்டையும் அலட்சியத்தின் பாலைவனத்தையும் கடக்கிறான். அவனைக் காப்பது நகைச்சுவைக் கேடயம். கடைசியில் அவன் அடையும் கோபுரத்தில் இருப்பது துருப்பிடித்த ஒரு பழைய எந்திரம். அதன் கைப்பிடியை யார் சுற்றுகிறார் என்பதில்தான் மந்திரம் இருக்கிறது. பல தலைமுறை ரசிகர்கள் அதை மறுபதிப்புச் செய்து புதியவர்கள் கையில் கொடுத்தார்கள்.

உள்வட்ட நகைச்சுவைக்கு ஒரு கேடு உண்டு. நினைவில் வைத்திருப்பவரைச் சேர்க்கும் அதே வேடிக்கை, புதிதாக வருபவரை வெளியே நிறுத்துகிறது. ரசிகர் இதழ்கள் இதற்கு ஓரளவு மாற்று கண்டன. பழைய வேடிக்கைகளுக்கு அகராதியே தயாரித்தார்கள். பழைய கட்டுரைகளைத் திரும்ப வெளியிட்டார்கள். இனம் பற்றிய விஷயத்தில் அந்த அளவுகூட நடக்கவில்லை. 1950களில் கலிஃபோர்னியா இளைஞர்கள் சிலர் கார்ல் பிராண்டன் என்ற கறுப்பின ரசிகரைக் கற்பனையில் உருவாக்கி, அவர் பெயரில் அருமையான பகடிகளை எழுதினார்கள். டெரி கார் அவர்களில் முதன்மையானவர். பிராண்டன் அந்த உலகத்தின் விருப்பமான எழுத்தாளரானார். உண்மை வெளிப்பட்டபோது மிஞ்சிய கேள்வி கசப்பானது: வெள்ளையர்களே நிறைந்திருந்த அந்த வட்டத்தில் எல்லாரும் கொண்டாடிய கறுப்பினத்தவர் ஒரு கற்பனைப் பாத்திரமாக இருந்தார். 1999இல் இனச் சமத்துவத்துக்காகத் தொடங்கப்பட்ட அமைப்பு அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு கார்ல் பிராண்டன் சங்கம் ஆயிற்று.

பெண்களின் நிலை வேகமாக மாறியது. 1967இல் ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடருக்கென வந்த முதல் ரசிகர் இதழான ‘ஸ்பாக்கனேலியா’வைப் பெண்களே நடத்தினார்கள். அதன் பின்னால் திரண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொடரின் பாத்திரங்களைக் கொண்டு புதுக் கதைகள் எழுதும் வழக்கம் அங்கே தழைத்தது.

1979 அளவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் இயங்கிய ஆர்ப்பாநெட் வலைப்பின்னலில் அறிவியல் கதை வாசகர்களின் உரையாடல் தொடங்கியது. ஆய்வுக்கூடங்களுக்காகக் கட்டப்பட்ட வசதியில் அதிகம் பேர் சேர்ந்த முதல் அரட்டைகளில் அதுவும் ஒன்று. தபால்தலை, ஸ்டென்சில், மூன்று மாதக் காத்திருப்பு எல்லாம் ஒரேயடியாக மறைந்தன. கூடவே மறைந்தது வரம்பு. எழுதாமல் படிப்பவரை எவரும் நீக்க முடியாது; அவர் இருப்பதே தெரியாது.

இந்தப் புதிய நிலையிலும் பழைய வழக்கம் பிழைத்த இடங்கள் உண்டு. டெரி பிராட்செட் 1964லேயே பிரிட்டிஷ் ரசிகர் மாநாட்டுக்குப் போன பையன். 1983இல் தொடங்கிய அவருடைய ‘டிஸ்க்வேர்ல்ட்’ நாவல்கள் சிரிப்பால் ஆனவை. அந்நாவல்களின் ரசிகர்கள் 1990களில் வலைப்பின்னலில் கூடியபோது பிராட்செட்டும் வந்து எழுதினார். அவர்கள் செய்த முதன்மையான கூட்டுவேலை உரை எழுதுவது. நாவலில் வரும் ஒவ்வொரு வேடிக்கையும் எந்த நாடகத்தை, பாட்டை, பழைய திரைப்படத்தை மனத்தில் வைத்தது என்று ஆளுக்கொரு குறிப்பு தர, அவை பக்கவாரியாகத் தொகுக்கப்பட்டன. பழைய சுவடிக்கு உரையாசிரியர் செய்த வேலையை ஆயிரம் மைல் தள்ளியிருந்த வாசகர்கள் சேர்ந்து செய்தார்கள். உள்வட்ட வேடிக்கையின் கதவை எழுத்தாலேயே திறந்துவிட்ட அந்தத் தொகுப்பு ‘ஹைஃபன்’ பின்னட்டைக்கு நேரெதிரான வழி; புதியவருக்கு அது பெரிதும் உதவியது. பிராட்செட் இருக்கும் இடத்தில் கதைக்கருக்களை எழுதக் கூடாது என்ற விதியையும் அவர்கள் ஏற்றார்கள். தற்செயலாக அதே கருவில் அவர் எழுதினால் வழக்கு வரலாம் என்பதே காரணம். ஆசிரியரோடு நேராகப் பேசும் உரிமைக்காக அந்தச் சுயகட்டுப்பாட்டை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

2004இல் வந்த ‘கோயிங் போஸ்டல்’ நாவலில், கோபுரத்துக்குக் கோபுரம் சைகையால் செய்தி அனுப்பும் ஊழியர்கள், இறந்த தோழரின் பெயரை நிறுத்தாமல் கோபுர வரிசையில் ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள். 2015 மார்ச் 12 அன்று பிராட்செட் இறந்ததும், இணையதளங்களின் பின்புலத் தகவலில் அவர் பெயரைத் தாங்கிய ஒற்றை வரியை ரசிகர்கள் சேர்க்கத் தொடங்கினார்கள். பக்கத்தைத் திறப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் அந்தப் பெயர் பயணப்படும். நாவலைப் படித்தவருக்கு மட்டுமே புரியும் இந்த அஞ்சலியை ஏராளமான தளங்கள் ஏற்றன.

தாளில் இருந்த பழைய உலகத்தைக் காப்பது தனி வேலையாகியிருக்கிறது. ஹெக்டோகிராஃபின் ஊதா மை வெளிறுகிறது. மலிவான தாள் நொறுங்குகிறது. அயோவா பல்கலைக்கழக நூலகத்தில், வாழ்நாள் முழுதும் ஒரு ரசிகர் சேர்த்த சுமார் 10,000 ரசிகர் இதழ்கள் இருக்கின்றன. வில்லிஸின் எழுத்துகளை அமெரிக்க ரசிகர் ஒருவர் தம் ‘வார்ஹூன்’ இதழின் 28ஆம் எண்ணாக, 600 பக்கங்களுக்கு மேல், சைக்ளோஸ்டைலிலேயே அடித்துக் கெட்டி அட்டையில் வெளியிட்டார். அயோவாவின் இதழ்களை மின்வடிவாக்கியபோது மங்கிய எழுத்துகளைக் கணினியால் சரியாகப் படிக்க முடியவில்லை. அவற்றைக் கண்ணால் படித்துத் தட்டெழுதித் தரும் பணிக்கு நூலகம் நாடியது இன்றைய ரசிகர்களைத்தான். அவர்கள் ஊதியமின்றிப் பக்கம் பக்கமாக அதைச் செய்து கொடுத்தார்கள்.